இடதுபக்கத் தரகர்

ஜனவரி 9

அன்புள்ள சகலைக்கு,

நீ இனிமேல் என் போனை எடுப்பதாக இல்லை என்பதை உன் மனைவி என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "அவர் குரலைக் கேட்டா எனக்குச் சிரிப்பு வந்துடும். சிரிச்சா கோபம் போயிடும். கோபம் போச்சுன்னா கேக்க வேண்டியதைக் கேக்க மாட்டேன். அதனால எழுதச் சொல்லு" என்றாயாம். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை. ஆகவே எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரிந்ததுதான். புரியாத இடங்களை மருந்துக்கடைக்காரரிடம் காட்டிப் படித்துக்கொள்.

சகலைகள் சண்டை போட்டுக்கொள்ள உலகத்தில் எத்தனை நல்ல விஷயங்கள் இருக்கின்றன! மாமனார் யாருக்கு முதலில் நாற்காலி போட்டார் என்பது ஒன்று போதாதா? நாம் மட்டும்தான் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் மண்டைக்குள் புகுந்து சண்டை போடுகிறோம்.

நேற்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆய்வகம் பார்க்க வந்தார்கள். நான்தான் வழக்கம்போல விதூஷகன். "இந்த நூற்புழுவோட உடம்புல மொத்தமே முந்நூத்திச் சொச்சம் நியூரான்தான். சிலது வாசனை, சூடு எல்லாம் மோந்து பாத்துச் சேதி கொண்டு வரும். சிலது தசையை ஆட்டும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது இடைநியூரான். அதுதான் தரகர். இங்க கேக்கும், அங்க சொல்லும், கமிஷன் வாங்காது" என்றேன். பிறகு நம் ஆளின் படத்தைச் சுவரில் காட்டினேன். இடத்தில் ஒருவர், வலத்தில் ஒருவர், இரட்டைப் பிறவிகள். தொண்டைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒற்றைக் கையை முன்னால் நீட்டுகிறார்கள். கை ஒரு முனையில் வளைந்து, தொண்டையைச் சுற்றி மேலே ஏறி, உச்சியில் இன்னொருவர் கையைத் தொடுகிறது. அந்த வளைவில்தான் வியாபாரமெல்லாம். தலையைத் திருப்புகிற நியூரானுக்கு நாம் வைத்த 'தலையாட்டி' என்ற பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு தரகர்களும் தலையாட்டியோடு சினாப்ஸ், அதாவது சேதி கைமாறுகிற சந்திப்பு, வைத்திருக்கிறார்கள். ஆனால் புழுவைப் பின்னுக்கு நகர்த்தும் 'பின்வாங்கி'யோடு இடது தரகருக்கு மட்டும்தான் ரகசிய உறவு என்றேன்.

ஒரு சின்னப்பெண் கேட்டாள்: "ஏன் இடதுக்கு மட்டும்?"

"வலது தரகருக்கு வீட்டம்மா கிட்ட பயம்" என்றேன். ஆசிரியர் நாற்காலியிலிருந்து விழப்பார்த்தார்.

சரி, கேட்க வந்ததைக் கேள்.

உன் மூத்த சகலை


ஜனவரி 17

ஆய்வகத் தலைவர் அவர்களுக்கு,

அந்தப் பெண் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. சிரிக்க வைத்து அனுப்பிவிட்டீர்கள். என்னையும் அப்படித்தான் அனுப்பினீர்கள்.

நான் உங்கள் ஆய்வகத்தை விட்டு வந்து, சொந்தமாக வேறொரு புழுவைச் சீவி, படம் எடுத்து, வரைந்து பார்த்தேன். பின்வாங்கியோடு சினாப்ஸ் வைத்திருப்பது வலது தரகர். இடது அல்ல. இதைப் போன வருட மாநாட்டில் சொன்னேன். அடுத்துப் பேச வந்த நீங்கள் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "என் சகலை நல்ல பிள்ளை. ஆனா வீட்டுக்கு வழி சொன்னா எதிர்வீட்டுல போய்ச் செருப்பைக் கழட்டுற ஆளு. இடதுன்னா வலதும்பார். புழு பாவம், அதுக்கு மறுத்துப் பேச வாய் இல்ல."

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் கேலி செய்ததைவிட, நானும் சேர்ந்து சிரித்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. இப்போது இங்கே எனக்குப் பெயரே 'இடவலம்'. காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

மார்ச் கடைசியில் இங்கே ஒரு நிரந்தர இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் ஜூனோடு எனக்கு வேலை இல்லை. தேர்வுக் குழுவின் தலைவர் நேராகவே கேட்டார்: "உங்க சொந்தச் சகலையே ஒத்துக்காததை நாங்க எப்படிங்க ஒத்துக்கறது?"

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் புழுவின் துண்டுகள் ஒட்டியிருக்கும் பதினாலாம் கிரிட்டை எடுத்து மறுபடி நுண்ணோக்கியில் வையுங்கள். முதலில் மொத்தத் துண்டும் தெரிகிற மாதிரி, குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
இடவலம்


ஜனவரி 28

அன்புள்ள சகலை,

கோபத்திலும் உனக்கு நகைச்சுவை வருகிறதே! 'இடவலம்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். என் வீட்டுக்காரி மூத்தவளிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "படிச்சீங்களா, இல்ல மேஞ்சீங்களா?" என்றாள்.

கிரிட் விஷயம். அந்தப் பெட்டி உள்ளறை அலமாரியில் இருக்கிறது. அலமாரிச் சாவி பொறுப்பாளரிடம் இருக்கிறது. பொறுப்பாளர் தன் மகன் பரீட்சைக்காக விடுப்பில் இருக்கிறார். பரீட்சை எழுதுவது மகன், விடுப்பு இவருக்கு. நுண்ணோக்கியும் இந்த வாரம் இருமுகிறது, மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறேன்.

அது போகட்டும், அந்தக் கிரிட்டில் என்ன இருக்கப் போகிறது? வைரக் கத்தி சீவித் தள்ளிய துண்டுகள் தண்ணீரில் ரிப்பன் மாதிரி மிதந்தன. சட்டைப் பொத்தானைவிடச் சின்னச் செப்புக் கிரிட்டால் அவற்றை ஏந்தி எடுத்தோம், படம் பிடித்தோம். ஒவ்வொரு படத்திலும் தரகரின் கையை நானே கலர் பென்சிலால் தொடர்ந்து போனேன். பதினாலிலிருந்து பதினைந்துக்குக் கை வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தடங்கல் இல்லை. தப்பு இருந்தால் கண்ணில் பட்டிருக்காதா?

உனக்கு அந்த இடம் கிடைத்துவிடும். திறமைசாலி நீ. குழுத் தலைவரை எனக்குத் தெரியும், நல்ல மனிதர், ஜோக்கு சொன்னால் மறுநாள் சிரிப்பார்.

மூத்த சகலை


பிப்ரவரி 6

ஐயா,

உங்கள் பொறுப்பாளரின் மகனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. அக்கா என் மனைவியிடம் சொல்லிவிட்டார். மெக்கானிக் யாரும் வரவில்லை, அதையும் சொல்லிவிட்டார். நீங்கள் ஒரு சேதியை மறைக்க வேண்டுமானால் முதலில் இரண்டு சகோதரிகளுக்கும் நடுவில் இருக்கிற ஒட்டை வெட்ட வேண்டும். அது இந்தப் பிறவியில் உங்களால் ஆகாது.

"தப்பு இருந்தால் கண்ணில் பட்டிருக்காதா" என்று கேட்கிறீர்கள். படாது. இந்தப் புழுவுக்கு இடமும் வலமும் அச்சு அசல் ஒன்று. ஒரு கிரிட் கவிழ்ந்து போயிருந்தால் அதில் உள்ள துண்டுகள் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகத் தெரியும். உங்கள் பென்சில் இடது தரகரைப் பிடித்தபடி பதினாலுக்குள் நுழைந்து, அங்கே வலது தரகரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து, பதினைந்தில் மறுபடி இடது தரகரிடம் வந்து சேர்ந்திருக்கும். ஒரு தடங்கலும் இருக்காது. பின்வாங்கியின் சினாப்ஸ் இருப்பது அந்தப் பதினாலில் மட்டும்.

கவிழ்ந்ததா இல்லையா என்று காட்டிக்கொடுக்கத்தானே புழுவைப் பதித்த பிசின் அச்சின் ஒரு மூலையைச் சாய்த்து வெட்டுகிறோம்? மூலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க அலமாரிச் சாவியும் ஒரு அரைமணி நேரமும் போதும். பயமாக இருக்கிறதென்றால் பயமாக இருக்கிறது என்று எழுதுங்கள். நான் மதிப்பேன்.


பிப்ரவரி 15

சகலை,

கவிழ்ந்துதான் கிடக்கிறது.

பதிமூன்றில் சாய்ந்த மூலை மேலே இடப்பக்கம். பதினைந்திலும் மேலே இடப்பக்கம். நடுவில் பதினாலில் மட்டும் மேலே வலப்பக்கம். கிரிட்டை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி வைத்துப் பார்த்தேன். மூலை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு கிரிட்டுக்கும் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும் என்று விதி வைத்ததே நான்தான். பதினாலுக்கு மட்டும் அது இல்லை. அன்றைக்குப் பிலிம் தீரப்போகிறது, "இது ஒண்ணு இல்லாட்டி என்ன குடியா முழுகிடும்" என்று விட்டேன். என் குடி முழுகவில்லை. உன் குடிக்குள்தான் தண்ணீர் வந்திருக்கிறது.

எத்தனை பேருக்கு நான் தரகர் கதை சொல்லியிருக்கிறேன்! அந்தச் சின்னப்பெண் வீட்டில் போய் "வலது தரகருக்கு பயம்" என்று சொல்லியிருப்பாள். பயம் உண்மையில் யாருக்கு என்று இப்போது தெரிகிறது. ஆமாம், பயமாகத்தான் இருந்தது. நீ முதல் கடிதத்தில் 'பதினாலு' என்று எழுதியபோதே அந்த எடுக்காத படம் ஞாபகம் வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் அத்தனை கதை. பொறுப்பாளரின் பிள்ளையைக்கூட விடவில்லை.

சாப்பிடும்போது மூத்தவள் கேட்டாள்: "என்னங்க, ரெண்டு நாளா ஒரு ஜோக்கையும் காணோம்?"

"தீர்ந்துபோச்சு."

"கடையில வாங்கிட்டு வரவா?"

பார், என் வீட்டில் என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

ஒன்று செய்கிறேன். உங்கள் குழுத் தலைவரைத் தனியாகப் பார்த்து, உன் படம்தான் சரி என்று சொல்லிவிடுகிறேன். உனக்கும் வேலை ஆகும், எனக்கும் கொஞ்சம் மானம் மிஞ்சும். என்ன சொல்கிறாய்?


பிப்ரவரி 21

சகலைக்கு,

பார்த்ததற்கு நன்றி. அதை மறைக்காமல் எழுதியதற்கு இன்னும் நன்றி. என் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று பிறகு ஒருநாள் சொல்கிறேன்.

ஆனால் தனியாகச் சொல்வது வேண்டாம். நீங்கள் கேலி செய்தது ஒலிபெருக்கியில். திருத்தம் மட்டும் காதோடு காதாகவா? மார்ச் மாநாட்டுக்குக் குழுத் தலைவரும் வருகிறார், போன வருடம் சிரித்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள். அதே மேடையில் சொல்லுங்கள். நான் வரவில்லை. நான் உட்கார்ந்திருந்தால் நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள், பார்த்தால் உங்களுக்கு ஏதாவது வேடிக்கையாகத் தோன்றும்.


மார்ச் 12

சகலை,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசியில் உனக்குக் கோபம் வரும். அதுவரை பொறுத்துக்கொள்.

மேடை ஏறினேன். ஏறியதுமே முன்வரிசை சிரிக்கத் தொடங்கிவிட்டது. நான் இன்னும் வாயே திறக்கவில்லை. தண்ணீர் குடித்தேன், அதற்கும் சிரித்தார்கள்.

"போன வருஷம் இந்த மேடையில நான் சொன்னது தப்பு" என்றேன். பெரிய சிரிப்பு. "இல்லீங்க, நிஜமாவே தப்பு" என்றேன். இன்னும் பெரிய சிரிப்பு. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதால்கூட இவர்கள் கைதட்டுவார்கள் போலிருக்கிறதே என்று தோன்றியது. இத்தனை வருடமாக நான் வளர்த்த பிள்ளை, இந்தச் சிரிப்பு. இப்போது என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

பேச்சை விட்டுவிட்டு மூன்று படங்களையும் திரையில் போட்டேன். பதிமூன்று, பதினாலு, பதினைந்து. குச்சியை எடுத்து மூலையைக் காட்டினேன். சிரிப்பு பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தது. "பின்வாங்கியோட சினாப்ஸ் வலது தரகருக்குத்தான். என் சகலை சொன்னதுதான் சரி. நான் பாக்காம கேலி பண்ணினேன்" என்றேன். இத்தோடு இறங்கியிருக்க வேண்டும்.

அப்போது உங்கள் குழுத் தலைவர் எழுந்து கேட்டார்: "அந்தக் கிரிட்டை எடுத்து வச்சது யாருங்க?"

சகலை, எனக்குத் தெரியும். அந்தப் புழுவுக்குக் கிரிட் எடுத்ததெல்லாம் நீ. என் கை நடுக்கத்துக்கு நான் கிரிட்டைத் தொட்டால் அது தண்ணீருக்குள் போய்விடும் என்று என்னைக் கத்திப் பக்கமே நீ விடமாட்டாய். பதினாலைப் பார்த்த அன்றைக்கே இது எனக்குத் தோன்றியது. தோன்றியபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் மனசு குளிர்ந்தது. 'அட, இவன் கை!' என்று. பிறகு அந்தக் குளிர்ச்சியை நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதும்போது அதைச் சொல்லவில்லை.

மேடையில் நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

என் கையைப் பற்றித் தெரிந்தவர்கள் குபீரென்று சிரித்தார்கள். மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். குழுத் தலைவர் மேடைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு "பெரிய மனசு" என்றார். திருடப் போன வீட்டில் உட்கார வைத்து விருந்து போட்ட மாதிரி இருந்தது எனக்கு. தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இனி உனக்கு ஒரு குறையும் வராது என்று நினைக்கிறேன். திட்டுவதென்றால் திட்டு.


மார்ச் 30

சகலைக்கு,

அன்றைக்கு எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று கேளுங்கள்.

பதினாலாம் கிரிட்டை நான் கீழே போட்டேன். வடிதாளின் மேல் விழுந்தது. எடுத்தபோது துண்டு ஒட்டிய பக்கம் எது என்று தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். நீங்கள் அடுத்த அறையில் யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தீர்கள். கேட்டால் என்னை வைத்தும் சிரிக்க வைப்பீர்கள் என்று பயந்து, ஒரு பக்கத்தை ஊகித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு இத்தனை வருடமும் தெரியும். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் "அவர் எங்க கேட்டாரு, பேசிக்கிட்டே இல்ல இருந்தாரு" என்கிறாராம்.

என் புழுவில் வலது என்று வந்ததுமே எனக்குப் பதினாலு ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஜனவரியில் எழுதும்போதாவது சொல்லியிருக்கலாம். "கிரிட்டைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை. நீங்களாகவே கண்டுபிடித்தால் தவறு முழுக்க உங்களுடையதாகவே இருக்கும் என்று ஒரு கணக்கு. 'பயமாக இருக்கிறதென்றால் எழுதுங்கள், மதிப்பேன்' என்று உங்களுக்கு உபதேசம் வேறு. அந்த வரியை இப்போது நினைத்தால் போர்வைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் தவறையும் நீங்கள் வாங்கிக்கொண்டு கைதட்டலோடு இறங்கினீர்கள் என்று படித்ததும் என்னால் உட்கார முடியவில்லை. குழு கூடிய அன்று உள்ளே போய் முதல் வேலையாக, "கிரிட்டைக் கவுத்து வச்சது நான்" என்று சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் எடுத்ததா சொன்னாரே?"

"அவர் கிரிட்டைத் தொட்டதே கிடையாதுங்க."

"அப்ப மேடையில பொய் சொன்னாரா?"

என் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"பொய் சொன்னவர் உங்க படம் சரிங்கிறார். கிரிட்டைக் கவுத்தவர் நீங்க, நீங்களும் உங்க படம் சரிங்கிறீங்க. ஒருத்தர் பண்ணினதை இன்னொருத்தர் பண்ணினதா சொல்ற குடும்பத்துல நாங்க யார் பேச்சை எடுத்துக்கறது?"

"படத்தைப் பாருங்க" என்றேன்.

"பாத்தோம் தம்பி. இடமும் வலமும் எங்களுக்கு ஒண்ணு மாதிரிதான் தெரியுது."

நேற்று முடிவு வந்தது. இடம் வேறொருவருக்கு. நல்ல பையன்தான், எனக்குத் தெரியும். இந்தத் துறையில் அவனுக்கு உறவினர் யாரும் இல்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை. வரவழைத்துப் பார்த்தேன், வரவில்லை. உங்கள் படத்துக்கு எப்போது எழுத்துமூலம் திருத்தம் வெளியிட்டாலும், என் தவறு என் பேரில் இருக்கட்டும்.


ஏப்ரல் 14

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். மூத்தவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவளுக்குப் பல வருடப் பழக்கம் என்று இப்போதுதானே தெரிகிறது.

கேலி செய்து உன்னை ஒரு தடவை கவிழ்த்தேன். நல்லது செய்கிறேன் என்று இன்னொரு தடவை கவிழ்த்தேன். இரண்டாவதுக்கு எனக்குக் கைதட்டல் வேறு. உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் உனக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்கும். 'என் சகலைதான் எடுத்தான், படம் எடுக்காமல் விட்டது நான், இரண்டு பேரும் சேர்ந்து கவிழ்த்தோம்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை நான் பெரிய மனுஷனாகத் தெரிவதற்குச் செலவழித்துவிட்டேன்.

திருத்தம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அது இதுதான்:

"நாங்கள் முன்பு வெளியிட்ட வரைபடத்தில் பதினாலாம் கிரிட்டின் துண்டுகள் இடம் வலமாக மாறியுள்ளன. பின்வாங்கும் நியூரானோடு சினாப்ஸ் கொண்டிருப்பது வலதுபக்க இடைநியூரான். கிரிட்டைக் கவிழ்த்து வைத்தவர் அப்போதைய உதவியாளர். அதைக் காட்டிக்கொடுத்திருக்கும் படத்தை எடுக்காமல் விட்டவரும், சரியாகக் கண்டு சொன்ன அதே உதவியாளரைப் பொதுமேடையில் கேலி செய்தவரும், பிறகு அதே மேடையில் கிரிட்டை எடுத்தது தானே என்று பொய் சொன்னவரும் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர்."

பத்திரிகைக்காரர் போன் செய்தார். "முதல் மூணு வரி சரி. கேலி செய்தவர், பொய் சொன்னவர் இதெல்லாம் அறிவியல் இல்லீங்களே, எடுத்துடலாமா?" என்றார். நான் மாட்டேன் என்றேன். தப்பு எப்படி நுழைந்தது என்று எழுதினால் போதுமா, அது இத்தனை நாள் எப்படி உள்ளேயே உட்கார்ந்திருந்தது என்றும் எழுத வேண்டாமா என்று கேட்டேன். "உங்க உதவியாளரும் கையெழுத்துப் போட்டா பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார். சரி என்று தோன்றினால் மட்டும் கையெழுத்துப் போடு. ஜூனுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இங்கே ஒரு மேசை காலியாக இருக்கிறது. அதையும் நான் சொல்லவில்லை. மூத்தவள் இளையவளிடம் சொல்வாள்.


ஏப்ரல் 22

அண்ணா,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். 'கேலி செய்தவர்' அப்படியே இருக்கட்டும். நான்கு பேர் முன்னால் நடந்தது, நான்கு பேர் படிக்கட்டும். 'பொய் சொன்னவர்' என்பதை மட்டும் நானே அடித்துவிட்டேன். ஊருக்கு என்ன வந்தது? அது நம் வீட்டு விஷயம்.